பனிக்காலத்தில் வோன்மொபில்: ஜெர்மனியில் முதன்முறை எடுப்பவர்களுக்கு

மியூனிக், ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கும் நம் ஆட்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஆல்ப்ஸ் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும், டிசம்பரில் வோன்மொபில் (படுக்கை, சமையலறை உள்ள வீட்டு வண்டி) வாடகை குறையும், குழந்தைகள் பனி பார்க்க வேண்டும் என்கிறார்கள், அப்புறம் ஏன் ஹோட்டலுக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும்? கணக்கு சரிதான். ஆனால் கோடையில் எடுத்துப் பழகிய அதே வண்டி, பூஜ்யத்துக்குக் கீழே போனதும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கேஸ் தீர்ந்தால் ஹீட்டர் நிற்கும். ஹீட்டர் நின்று உள்ளே குளிர்ந்தால் பாய்லரின் வால்வு தானாகத் திறந்து அதிலிருக்கும் தண்ணீர் வெளியே போகும். கதவு ஜன்னலை இறுக்கி மூடினால் காலையில் மெத்தையின் அடிப்பக்கம் நனைந்திருக்கும்.

எங்களுக்கு முதலில் வாடகைக்குக் கொடுத்தவர், எல்லாம் தயார் என்று சொல்லித்தான் சாவியைத் தந்தார். ஒரு சிலிண்டர் காலி, இன்னொன்றில் பாதி கூட இல்லை. அது தெரிய வந்தது நடுராத்திரியில். அந்த அவதி உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். குளிர் தாங்குவதில் பெரும்பகுதி சாவி வாங்கும் நாளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1. முதலில் காகிதங்கள்

லைசென்ஸ். இந்திய லைசென்ஸ், நீங்கள் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து 6 மாதம்தான் செல்லும். ஊரிலிருந்து சர்வதேச லைசென்ஸ் எடுத்து வந்திருந்தாலும் அந்த 6 மாதம் நீளாது. அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் இரண்டும் எழுதித்தான் ஜெர்மன் லைசென்ஸ் வாங்க வேண்டும். "நண்பர் ஒருத்தர் ஓட்டினாரே" என்று கிளம்ப வேண்டாம். விபத்து நடந்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு, காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

சாதாரண பி வகுப்பு லைசென்ஸில் மொத்த எடை 3,500 கிலோ வரையுள்ள வண்டியை ஓட்டலாம். இந்த 3,500 என்பது ஆட்கள், தண்ணீர், சிலிண்டர், பெட்டி எல்லாம் சேர்ந்தது. குளிர்காலத்தில் பனிச் சங்கிலி, இரண்டாவது சிலிண்டர், தடித்த ரஜாய்கள், பனிச்சறுக்கு வண்டி என்று கூடிக்கொண்டே போகும். நான்கு பேர் படுக்கலாம் என்று எழுதியிருக்கும் வண்டியில் நான்கு பேரும் சாமானும் ஏறியதும் வரம்பைத் தாண்டுவது சகஜம். இன்னும் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதை வாடகைக்குக் கொடுப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். படுக்கை எண்ணிக்கையும் பெல்ட் உள்ள இருக்கை எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, அதையும் கேளுங்கள்.

ஆஸ்திரியா பக்கம் போவதாக இருந்தால் பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் எல்லாருக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், கைக்குழந்தைக்கும் சேர்த்து. திரும்பி வரும்போது எல்லையில் ஜெர்மன் போலீஸ் நிறுத்திப் பார்ப்பது உண்டு. அட்டை புதுப்பிப்பில் இருந்து கையில் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் (அட்டை வரும் வரை தரும் தற்காலிகச் சான்று) மட்டும் இருக்கிறதென்றால், அது குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவில் கொடுக்கப்பட்டதா என்று உள்ளே குறி போட்டிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். 3-ஆம் உட்பிரிவு என்றால் ஜெர்மனிக்குள்ளேயே போய்விட்டு வாருங்கள். ஆல்காய், கார்மிஷ், பிளாக் ஃபாரஸ்ட் என்று இடத்துக்குப் பஞ்சமில்லை.

2. வண்டியைப் பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

விளம்பரத்தில் "விண்டர்டௌக்லிஷ்" என்று இருந்தால் ஒன்று, "விண்டர்ஃபெஸ்ட்" என்று இருந்தால் வேறு. ஐரோப்பியத் தரக் குறிப்பு ஈஎன் 1646-1 படி, முதலாவது வகை வெளியே 0 டிகிரி இருக்கும்போது இரண்டு மணி நேரத்தில் உள்ளே 20 டிகிரிக்கு வர வேண்டும். இரண்டாவது வகை வெளியே மைனஸ் 15 இருக்கும்போது நான்கு மணி நேரத்தில் 20 டிகிரிக்கு வர வேண்டும், தண்ணீர்க் குழாய்களும் வேலை செய்ய வேண்டும். மலைப்பக்கம் போவதாக இருந்தால் இரண்டாவதுதான் வேண்டும். கிடைக்கவில்லை என்றால் இரட்டைத் தரை உள்ள வண்டியாகவாவது கேளுங்கள். அந்த இரண்டு தரைகளுக்கு நடுவில்தான் தொட்டிகளும் குழாய்களும் சூட்டில் இருக்கும். கழிவுநீர்த் தொட்டி வண்டிக்கு அடியில் வெளியே தொங்கினால் அது உறையும், அதில் சந்தேகமே வேண்டாம்.

நம்பர் பிளேட்டின் வலது ஓரத்தில் 03, 10 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு எண்கள் இருந்தால் அது சீசன் பிளேட். மார்ச் முதல் அக்டோபர் வரைதான் சாலையில் வரலாம். தனியாரிடம் ஆப் வழியாக வாடகைக்கு எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள். நவம்பரில் அந்த வண்டியைத் தெருவில் நிறுத்தி வைப்பதுகூடக் குற்றம்.

டயரில் மலையும் பனித்துளியும் சேர்ந்த ஆல்பைன் குறி இருக்க வேண்டும். எம்+எஸ் எழுத்து மட்டும் உள்ள டயர்களை 2024 அக்டோபர் 1 முதல் குளிர்கால டயராக ஏற்பதில்லை. பனிச்சாலையில் மாட்டினால் 60 யூரோ அபராதமும் ஃப்ளென்ஸ்பர்க் பதிவேட்டில் ஒரு தண்டனைப் புள்ளியும் ஓட்டுபவருக்கு வரும். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனியோ சகதியோ இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். டயர் பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

கேஸ் இணைப்புக்கு ஜி 607 என்ற பரிசோதனை இருக்கிறது. 2025 ஜூன் 19 முதல் இது மறுபடி சட்டக் கட்டாயம், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும். வண்டியில் மஞ்சள் நிறச் சிறு புத்தகம் இருக்கும், அதில் கடைசி தேதியைப் பாருங்கள். சில கேம்பிங் முகாம்களின் வரவேற்பில் இதைக் காட்டச் சொல்வார்கள். அப்படிக் கேட்கும் முகாம் கறாரானது என்று சலித்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து வண்டிக்காரரின் கேஸ் குழாயும் சோதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

கடைசியாக ஒப்பந்தம். உறைவதால் தண்ணீர் அமைப்பில் வரும் சேதம் பெரும்பாலும் காப்பீட்டில் சேராது, வாடகைக்கு எடுத்தவர் தலையில் விழும். ஃப்ரோஸ்ட் (உறைபனி) என்ற சொல்லை அந்தக் காகிதத்தில் தேடிப் படியுங்கள்.

3. செலவும் தேதியும்

குளிர்காலம் என்றால் எல்லாம் மலிவு என்று நினைப்பதுதான் பொதுவான பொறி. வண்டி வாடகை குறையும், உண்மைதான். ஆனால் ஆல்ப்ஸ் முகாம்களுக்குக் கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரையிலும், பிறகு பிப்ரவரிப் பள்ளி விடுமுறையிலும்தான் உச்ச சீசன். பல இடங்களில் குறைந்தது ஒரு வாரம் தங்க வேண்டும் என்பார்கள். அந்த நாட்கள்தான் வேண்டும் என்றால் கோடையிலேயே பதிவு செய்துவிடுங்கள். ஜனவரி இரண்டாம் வாரம் முதல் மாதக் கடைசி வரை கூட்டமும் குறைவு, விலையும் குறைவு, பனியும் இருக்கும். பள்ளிக்குப் போகாத குழந்தைகள் இருக்கும் குடும்பங்களுக்கு அதுதான் சரியான நேரம்.

வாடகைக்கும் முகாம் கட்டணத்துக்கும் மேல் வருபவை: கேஸ், மீட்டர் போட்ட மின்சாரம், ஆள் கணக்கில் சுற்றுலா வரி, ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கான விக்னெட் என்ற கட்டண ஸ்டிக்கர், பனிச் சங்கிலி வாடகை. டெபாசிட்டாக ஆயிரம் யூரோவுக்கு மேல் கார்டில் முடக்குவார்கள். பல இடங்களில் கிரெடிட் கார்டுதான் கேட்பார்கள், ஜிரோ கார்டு (ஜெர்மன் வங்கியின் டெபிட் கார்டு) ஆகாது.

முதல் பயணத்துக்கு என் யோசனை: வீட்டிலிருந்து ஒரு மணி நேர தூரத்துக்குள், மின் இணைப்பு உள்ள முகாமில் இரண்டு இரவு. ஏதாவது கெட்டுப்போனால் காரில் வந்து கூட்டிப்போக ஒரு நண்பர் இருப்பார். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் முகாமுக்கு வெளியே வண்டியில் தங்குவதற்கே தடை இருக்கிறது. சாலையோரத்தில் இலவசமாக ஒதுங்கலாம் என்ற திட்டத்தைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. கேஸ்: இங்கேதான் எல்லாம்

பெரும்பாலான வாடகை வண்டிகளில் ஹீட்டர் கேஸில் ஓடும், ட்ரூமா காம்பி போல. அறையையும் தண்ணீரையும் அதுவே சூடாக்கும். முழு வேகத்தில் 4 கிலோவாட் மாடல் மணிக்கு 320 கிராம் வரை, 6 கிலோவாட் மாடல் 480 கிராம் வரை குடிக்கும். நாள் முழுக்க அப்படி ஓடாது. வெளியே மைனஸ் 5 இருந்து, வண்டியும் சுமாராகக் காப்பிடப்பட்டிருந்தால் ஒரு நாளைக்கு 3 முதல் 4 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 11 கிலோ சிலிண்டர் மூன்று நாள். மைனஸ் 15-க்குப் போனால் இரண்டு நாள்கூடத் தாங்காமல் போகலாம்.

சிலிண்டரில் இருப்பது புரோப்பேனாக இருக்க வேண்டும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியே நின்றுவிடும், குளிரில் சிலிண்டர் கனமாகவே இருக்கும், அடுப்பில் சுடர் வராது. ஜெர்மனியில் வழக்கமாகக் கிடைக்கும் சாம்பல் நிறச் சிலிண்டரில் புரோப்பேன்தான். தெற்கே இத்தாலி, ஸ்பெயின் போய் வந்த வண்டியில் அங்கே மாற்றிய சிலிண்டர் இருக்கலாம், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு மீதி இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சிலிண்டரைத் தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. தட்டினால் ஒன்றும் தெரியாது. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு நம் எல்லார் வீட்டிலும் இருக்கும். அதை எடுத்துப் போங்கள். சிலிண்டரின் கழுத்தில் வெற்று எடை, அதாவது டாரா, பொறித்திருக்கும். தொங்கவிட்டு எடை பார்த்து அதைக் கழித்தால் மீதி கேஸ் எத்தனை கிலோ என்று வந்துவிடும். வண்டியை வாங்கும் இடத்திலேயே, கொடுப்பவர் முன்னாலேயே இதைச் செய்யுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இரண்டு சிலிண்டரும் நிறைந்திருக்க வேண்டும், ஒன்று தீர்ந்ததும் மற்றதற்குத் தானாக மாறும் ரெகுலேட்டர் இருக்க வேண்டும். கேஸ் தீர்வது எப்போதும் விடியற்காலை மூன்று மணிக்குத்தான். அந்தக் குளிரில் பனியில் இறங்கி ஸ்பேனர் தேடும் சுகம் யாருக்கும் வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் மைனஸில் தங்குவதாக இருந்தால், ரெகுலேட்டர் உறையாமல் இருக்க வைக்கும் சிறு மின்சூடு, ஐஸ்எக்ஸ் என்பது, பொருத்தியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சிலிண்டர் மாற்றும் இடம்: பாவ்மார்க்ட் (கட்டுமானப் பொருள் விற்கும் பெரிய கடை), பெட்ரோல் பங்க், பெரிய முகாம்களின் கடை. கடைக்குக் கடை விலை நன்றாக மாறும், 11 கிலோவுக்கு 20 முதல் 35 யூரோ வரை பார்த்திருக்கிறேன். பாவ்மார்க்ட்தான் மலிவு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் அந்த மாதிரிக் கடைகள் திறந்திருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் இரண்டு நாளும் அப்படித்தான். சாம்பல் சிலிண்டரைக் கொடுத்தால் சாம்பல் சிலிண்டர்தான் வாங்க வேண்டும், சிவப்பு என்றால் அது கடையின் டெபாசிட் சிலிண்டர், கணக்கு வேறு. எல்லை தாண்டினால் ஜெர்மன் சிலிண்டரை எளிதில் மாற்றித் தர மாட்டார்கள். ஆஸ்திரியாவுக்குள் நுழையும் முன்பே இரண்டையும் நிறைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓடும்போது ஹீட்டர் போடலாமா? மோதினால் கேஸைத் தானாக நிறுத்தும் சென்சார் ரெகுலேட்டரில் இருந்தால் போடலாம். இல்லையென்றால் சிலிண்டர் வால்வை மூடிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அப்படி மூடினால் பின்பக்கம் முழுக்கச் சில்லிட்டுப் போகும், முகாம் சேர்ந்த பிறகு சூடேற்ற இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

டீசலில் ஓடும் ஹீட்டர் உள்ள வண்டி கிடைத்தால் இந்தச் சிலிண்டர் பாடு இல்லை. அதிலும் இரண்டு பொறிகள். பல வண்டிகளில் தொட்டி கால்வாசிக்குக் கீழே போனால் ஹீட்டர் நின்றுவிடும், எஞ்சின் ஓட டீசல் மிஞ்ச வேண்டுமே என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். இன்னொன்று, மைனஸ் 20 தாங்கும் குளிர்கால டீசல் ஜெர்மன் பங்க்குகளில் நவம்பர் 16 முதல் பிப்ரவரி கடைசி வரைதான் கட்டாயம். செப்டம்பரில் நிரப்பி அப்படியே நின்ற வண்டி என்றால், உள்ளே இருப்பது கோடை டீசல். பாதி தொட்டியைத் தாழ்வான ஊரிலேயே ஓட்டித் தீர்த்துப் புதிதாக நிரப்பிக்கொண்டு மலையேறுங்கள்.

5. மின்சாரம்

முகாமில் "மின் இணைப்பு உண்டு" என்றால் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். 16 ஆம்பியர் என்றால் 3,600 வாட்டுக்கு மேல் வரும். 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட்தான். மின்விசிறி ஹீட்டரை 2,000-இல் போட்டால் ஃபியூஸ் போய்விடும். ஹீட்டர் ஓடும்போது ரைஸ் குக்கரையும் போட்டால் அப்போதும் போகும். இரவு பத்து மணிக்கு மேல் முகாமின் ஃபியூஸ் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தால் காலை வரை இருட்டுதான்.

கேஸ் கையில் இருக்கும்போது மின்சாரத்தில் சூடேற்றுவது பணத்தை எரிப்பது. 11 கிலோ புரோப்பேனில் சுமார் 140 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. சிலிண்டர் 25 யூரோ என்றால் யூனிட் 18 சென்ட். முகாம் மீட்டரில் நான் கொடுத்தது யூனிட்டுக்கு 60 சென்டுக்கு மேல். மின்சாரத்தை விளக்குக்கும், பேட்டரி சார்ஜுக்கும், வெளியே போகும்போது 500 வாட்டில் லேசாக ஒரு தாங்கலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் மின் இணைப்பு வேண்டும். கேஸ் ஹீட்டரின் விசிறியே 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகிறது. குளிரில் பேட்டரியின் கொள்ளளவு குறையும், கூரையில் சோலார் தகடு இருந்தாலும் அதன்மேல் பனி மூடியிருக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 0 டிகிரிக்குக் கீழே சார்ஜே ஏறாது. இணைப்பில்லாமல் இரண்டாம் இரவு கேஸ் நிறைய இருந்தும் ஹீட்டர் நின்றுபோக இதுதான் காரணமாக இருக்கும்.

கேபிளைப் பனியில் தரையோடு போட வேண்டாம். உறைந்து ஒட்டிக்கொள்ளும், பனி வாரும் இயந்திரம் அறுத்துவிட்டும் போகும். கம்பத்திலிருந்து வண்டி வரை உயரமாகக் கட்டித் தொங்கவிடுங்கள்.

6. வந்து நிறுத்துவது

டிசம்பரில் மியூனிக் பக்கம் மாலை நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும். இரண்டு மணிக்குள் முகாம் சேரும்படி கிளம்புங்கள். பெரும்பாலான வோன்மொபில்கள் ஃபியட் டுகாட்டோ மேல் கட்டியவை, முன்சக்கரம்தான் இழுக்கும், பாரம் முழுக்கப் பின்னால். ஈரப்பனி படிந்த புல்வெளியில் லேசான ஏற்றத்திலேயே வழுக்கும். சங்கிலியை முன்சக்கரத்தில் மாட்ட வேண்டும். வீட்டு வாசலில் ஒரு முறை மாட்டிப் பழகிவிட்டு வாருங்கள்.

நிறுத்தியதும் சக்கரங்களுக்கு அடியில் பலகை போடுங்கள், இல்லாவிட்டால் தரையோடு உறைந்துவிடும். கைப்பிரேக்கை இழுத்து வைக்காமல் கியரில் விட்டு ஆப்பு வையுங்கள், கைப்பிரேக்கும் உறையக்கூடியதுதான். கூரையில் உருகும் நீர் வழிந்தோடும்படி வண்டி ஒரு பக்கம் மயிரிழை சாய்ந்திருந்தால் நல்லது.

7. தண்ணீர்

முதல் இரண்டு நாள் பயணத்துக்குத் தண்ணீரே நிரப்பாமல் போகலாம் என்பது என் கட்சி. குடிக்க, சமைக்கக் கேன் தண்ணீர். குளிக்க, கழிவறைக்கு முகாமின் சூடான கட்டடம். ட்ரூமா காம்பி தண்ணீர் இல்லாமலும் அறையைச் சூடாக்கும். உறையும் கவலை ஒரே அடியில் போய்விடும்.

நிரப்பியே ஆக வேண்டும் என்றால் வரிசை முக்கியம். முதலில் ஹீட்டர், பிறகுதான் தண்ணீர். பாய்லரில் ஃப்ரோஸ்ட் கன்ட்ரோல் என்று ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. அந்த இடம் 3 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்ததும் தானாகத் திறந்து பாய்லரைக் காலி செய்துவிடும், 7 டிகிரிக்கு மேல் வந்த பிறகுதான் கையால் மூட முடியும். வந்ததும் வராததுமாகத் தண்ணீர் நிரப்பினால், ஒரு பக்கம் ஊற்ற மறுபக்கம் வண்டிக்கு அடியில் வழிந்து பனிக்கட்டியாகும். வால்வு கெட்டுவிட்டது என்று நினைத்து அதன் பொத்தானில் கிளிப் மாட்டி அடைக்கும் ஒரு வித்தையை யாராவது சொல்லித் தருவார்கள். செய்யாதீர்கள். ஒரே இரவில் பாய்லர் வெடித்தால் டெபாசிட் போதாது.

கழிவுநீர்த் தொட்டி வெளியே தொங்கும் வகை என்றால் அதன் வாயைத் திறந்தே விட்டு, அடியில் ஒரு வாளி வையுங்கள். வாளியில் உறைந்தால் தட்டிக் கொட்டிவிடலாம், தொட்டியில் உறைந்தால் முடியாது. கழிவறைக் கேசட், அதாவது கழற்றிக் காலி செய்யும் கழிவுப் பெட்டி, வண்டிக்குள் சூட்டில் இருக்கும், அதில் பிரச்சினை குறைவு.

8. கண்ணாடியும் ஈரமும்

வண்டியில் பெரிய ஓட்டை ஓட்டுநர் அறைதான். முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி, கதவுகள் வெறும் தகரம். வெளியிலிருந்து மாட்டும் தடித்த வெப்பப் போர்வை இல்லாமல் குளிர்கால வண்டியை எடுக்காதீர்கள். உள்பக்கம் ஒட்டும் வெள்ளிப் பாய் கொஞ்சம் உதவும், ஆனால் அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஈரம் சேர்ந்து காலையில் உள்பக்கமே பனி சுரண்ட வேண்டியிருக்கும். இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு கனத்த கம்பளியைத் திரையாகத் தொங்கவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். தரைக்கு இரண்டு பழைய கம்பளம்.

அடுத்தது ஈரம். இரண்டு பேர் தூங்கினாலே ஒரு இரவில் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். அதோடு ஈரச் சட்டை, பனி ஒட்டிய பூட்ஸ், நம் சமையல். அரிசி கொதிக்க வைப்பதும் ரசம் கொதிப்பதும் குக்கர் விசிலும் அந்தச் சின்ன அறையை நீராவிக் குளியல் ஆக்கிவிடும். இட்லிப் பானையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நான் பரிந்துரைப்பது: புளிக்காய்ச்சல், சப்பாத்தி, வீட்டில் செய்து உறைய வைத்த குழம்பு. சூடாக்கினால் போதும். பாத்திரத்தை மூடியே வையுங்கள், சமைக்கும்போது மேல் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

அறையைச் சூடாக்க அடுப்பைப் பற்ற வைப்பது இரண்டு வகையில் ஆபத்து. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் உருவாகிறது, அது முழுக்க உங்கள் சுவரில் படியும். ஹீட்டரில் அந்தத் தண்ணீர் புகையோடு வெளியே போய்விடும், அடுப்பில் போகாது. இரண்டாவது, ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று ஆரம்பிக்கும், குளிரில் அசதி என்று நினைத்துப் படுத்துவிடுவோம். ஈஎன் 50291-2 என்று குறிப்பிட்ட மோனாக்சைடு அலாரம் வாங்கிச் சொந்தமாக எடுத்துச் செல்லுங்கள். பிறகு வீட்டிலும் மாட்டிக்கொள்ளலாம்.

கூரையிலும் தரையிலும் வண்டி செய்தவர்கள் விட்டிருக்கும் காற்றுத் துளைகளைத் துணி வைத்து அடைக்கக் கூடாது. எங்கிருந்தோ சில்லென்று வருகிறதே என்று எல்லாருக்கும் கை பரபரக்கும். கேஸ் பெட்டியின் அடித்துளை இன்னும் முக்கியம், புரோப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். காலையிலும் மாலையிலும் படுக்கும் முன்பும் கதவு, மேல் ஜன்னல் இரண்டையும் முழுதாகத் திறந்து ஐந்து நிமிடம் ஷ்டோஸ்லூஃப்டன். வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி நமக்குப் பழகியதுதான். சுவர்களில் இருக்கும் சூடு போகாது, ஈரக் காற்று மட்டும் போகும்.

9. இரவு

ஹீட்டரை அணைத்துவிட்டுப் படுக்காதீர்கள். 15, 16 டிகிரியில் விடுங்கள். சுவரும் சாமானும் ஆறிப்போனால் காலையில் மறுபடி சூடேற்ற வெகு நேரம் ஆகும். சூடான காற்று வரும் வாய்களுக்கு முன்னால் பெட்டியோ செருப்போ வைக்காதீர்கள். மேல் அலமாரிக் கதவுகளை ஒரு விரல் திறந்து வையுங்கள். பின்பக்கச் சாமான் அறைக்கும் ஒரு சூட்டுவாய் இருக்கும், அதையும் திறந்துவிடுங்கள், உங்கள் படுக்கை பெரும்பாலும் அதன் மேல்தான் இருக்கிறது.

மெத்தையைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, காலையில் தூக்கி நிறுத்துங்கள். வெந்நீர்ப் பை ஒன்று ஆளுக்கு. ஓட்டுநர் அறைக்கு மேலே இருக்கும் படுக்கை பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் பல வண்டிகளில் அங்கேதான் குளிர் அதிகம். அங்கே படுப்பவருக்கு நல்ல உறக்கப் பையும் குல்லாவும் கொடுங்கள்.

பனி பெய்யும் இரவில் எழுந்திருக்க நேர்ந்தால், டார்ச் எடுத்துப் பக்கச் சுவரில் இருக்கும் ஹீட்டர் புகைவாயைப் பாருங்கள். காற்றடித்துப் பனி அதை மூடியிருந்தால் கையால் தள்ளிவிடுங்கள். கூரையில் புகைக்குழாய் உள்ள வண்டி என்றால் அதற்கு நீட்டிப்புக் குழாய் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

10. திரும்பக் கொடுப்பது

கிளம்பும் முன் கூரைப் பனியை வாரிவிடுங்கள். பிரேக் போடும்போது பலகையாகச் சரிந்து உங்கள் கண்ணாடியிலோ பின்னால் வருபவர் மேலோ விழும், அபராதமும் உண்டு. வெந்நீர் ஊற்ற வேண்டாம், துடைப்பம் போதும்.

வழியில் இருக்கும் பொதுக் கழிவுநீர் நிலையங்களில் பல குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும். முகாமிலேயே, கிளம்பும் முதல் நாள் மாலையே, கேசட்டையும் தொட்டிகளையும் காலி செய்துவிடுங்கள். அழுக்குக் கேசட்டோடு திருப்பிக் கொடுத்தால் சுத்தம் செய்யும் கட்டணமாக நூறு யூரோவுக்கு மேல் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

தொட்டி வால்வு, பாய்லர் வால்வு, எல்லாக் குழாய்களும் திறந்த நிலையில் இருப்பதைத் தேதியோடு படம் எடுங்கள். குழாய் நெம்புகோலை நடுவில் நிறுத்தித் திறந்து வையுங்கள், வெந்நீர்ப் பக்கமும் வடிய வேண்டும். நீங்கள் கொடுத்த பிறகு அந்த வண்டி அவர்களுடைய முற்றத்தில் நின்று உறைந்தால், பழி யார் மேல் என்ற கேள்வி இரண்டு வாரம் கழித்து மின்னஞ்சலில் வரும். சாவியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆள் இருக்கும் நேரத்தில் போய், கூட நின்று, கையெழுத்துப் போட்ட ஒப்படைப்புத் தாளை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.